எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடை: உயரம், உடம்பு, நாள் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்தின் கும்பு பகுதியில் லுக்லாவில் இறங்கி, எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்து திரும்பும் வழியைப் பற்றி நம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஷூ எது வாங்கலாம், பை எத்தனை லிட்டர் என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். என் கணக்கில் அதெல்லாம் பிறகு. உயரத்துக்குப் பழக உடம்புக்கு எத்தனை இரவு கொடுக்கிறீர்கள் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். அதனால் அதைத் தொட்ட கேள்விகளுக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து பற்றிச் சொல்லியிருப்பதை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்ட பிறகே கிளம்புங்கள்.

மலையேற்றம் கற்றிருக்க வேண்டுமா? கயிறு, ஐஸ் கோடரி எல்லாம் தேவையா?

வேண்டாம். முழுக்க நடைபாதைதான். சில இடங்களில் படிக்கட்டு, சில இடங்களில் தொங்குபாலம், கடைசி இரண்டு நாள் பனியாறு ஒதுக்கிய கல்லும் மண்ணும். லுக்லாவிலிருந்து பேஸ் கேம்ப் ஒரு வழி ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் நடை. பேஸ் கேம்ப் 5,364 மீட்டர், எவரெஸ்ட் உச்சி 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்றரை கிலோமீட்டர் உயரம் வேறு ஆட்களின் வேலை.

மொத்தமே 65 கிலோமீட்டர்தானே? நன்றாக நடப்பேன். ஆறு நாளில் ஏறி இறங்கிவிட முடியாதா?

கால் முடியும் என்று சொல்லலாம். நுரையீரலும் மூளையும் ஒத்துக்கொள்ளாது.

வழக்கமான நாள் வரிசையைப் பாருங்கள். முதல் நாள் லுக்லாவில் (சுமார் 2,850 மீட்டர்) இறங்கி, சற்றுத் தாழ்வில் இருக்கும் பாக்டிங்கில் (2,610) தூக்கம். அடுத்த நாள் நாம்சே பஜார் (3,440). அங்கே இன்னொரு இரவு. பிறகு தெங்போச்சே (3,860), திங்போச்சே (4,410). திங்போச்சேயிலும் இன்னொரு இரவு. அப்புறம் லோபுச்சே (சுமார் 4,930), கோரக் ஷெப் (5,164). கோரக் ஷெப்பில் பையை வைத்துவிட்டு அன்றைக்கே பேஸ் கேம்ப் போய்த் திரும்புவார்கள். மறுநாள் விடியலில், எவரெஸ்ட் உச்சி தெரியும் காலா பத்தர் மேட்டில் ஏறிவிட்டு இறக்கம். ஏற எட்டு நாள், இறங்க மூன்று நான்கு நாள்.

காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான். மலையில் அது குறைவதில்லை. குறைவது காற்றழுத்தம். பேஸ் கேம்ப் உயரத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டி வந்துவிடும், எனவே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் ஏறக்குறைய பாதிதான். உடம்பு முதலில் மூச்சை வேகப்படுத்தும், இதயத்தை விரட்டும். வேகமாக மூச்சுவிடுவதால் கரியமிலவாயு அதிகம் வெளியேறி ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அதைச் சிறுநீரகம் சரிக்கட்டுகிறது. அந்த வேலைக்கு நாட்கள் தேவை. அது முடியாதவரை மூச்சை மேலும் கூட்ட உடம்பே தயங்கும், தூக்கத்தில் குறிப்பாக. கூடுதல் சிவப்பணு உருவாவதெல்லாம் வாரக்கணக்கில் நடக்கும் வேலை, இந்தப் பயணத்தில் பெரிதாகக் கை கொடுக்காது.

மலை மருத்துவம் படித்தவர்கள் சொல்லும் விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல், நேற்றுத் தூங்கிய உயரத்தைவிட இன்று தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு. இப்போது மேலே உள்ள வரிசையைத் திரும்பப் பாருங்கள். பாக்டிங்கிலிருந்து நாம்சே 830 மீட்டர். தெங்போச்சேயிலிருந்து திங்போச்சே 550. அங்கிருந்து லோபுச்சே 500-ஐக் கொஞ்சம் தாண்டும். நிதானமான திட்டம் என்று எல்லோரும் சொல்லும் பன்னிரண்டு நாள் திட்டமே விதியின் விளிம்பில்தான் நிற்கிறது. அதிலிருந்து இரண்டு நாளைக் கழிக்க எங்கே இடம்?

"எட்டு நாள் பேக்கேஜ்" என்று விளம்பரம் வந்தால் எந்த நாளைக் குறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கோரக் ஷெப்பிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கிவிடுகிறோம் என்றால் பணம்தான் செலவு, உடம்புக்குக் கெடுதல் இல்லை. நாம்சேயிலோ திங்போச்சேயிலோ இரண்டாவது இரவை எடுத்திருந்தால் அந்த பேக்கேஜை விட்டுவிடுங்கள்.

ஓய்வு நாள் என்றால் அறையில் படுத்துக் கிடக்கலாமா?

கூடாது. பகலில் உயரம் போய், இரவில் கீழே வந்து தூங்குவதுதான் பழக்கும் முறை. நாம்சேயில் தங்கும் நாளில் 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறி ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவார்கள். நேரம் இருந்தால் பக்கத்தில் கும்ஜுங் கிராமத்தில் எட்மண்ட் ஹிலாரி 1961-இல் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தையும் பார்க்கலாம். திங்போச்சேயில் ஊருக்கு மேலேயே நாங்கர்த்ஷாங் மேடு இருக்கிறது, முடிந்தவரை ஏறி இறங்கினால் போதும். உச்சி தொட்டே ஆக வேண்டும் என்ற போட்டி அங்கே வேண்டாம்.

ஜிம் போகிறேன், மாரத்தான் ஓடியிருக்கிறேன். எனக்கும் உயர நோய் வருமா?

வரலாம். உடற்தகுதி நடையைச் சுலபமாக்கும், உயர நோயைத் தடுக்காது. இன்னும் சொன்னால், இளவயதில் நல்ல பலத்தோடு இருப்பவர்கள்தான் முன்னால் ஓடிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். மூச்சு வாங்கி மெதுவாக வரும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் தன்னையறியாமல் சரியான வேகத்தில் வருகிறார். வழியில் கைடுகள் "பிஸ்தாரி, பிஸ்தாரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், மெதுவாக என்று அர்த்தம். பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் சரியான வேகம்.

முன்பு இதே உயரத்துக்குப் போய் நன்றாக இருந்தவர்களுக்கு இந்த முறையும் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். உத்தரவாதம் கிடையாது. ஷெர்பாக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து, மரபணுவிலேயே அதற்குத் தகவமைந்தவர்கள். அவர்கள் நடப்பதைப் பார்த்து நம் வேகத்தை முடிவு செய்வது வீண்.

தலை வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. எது சாதாரணம், எது ஆபத்து?

சாதாரணமானவை முதலில். ஏற்றத்தில் மூச்சு வாங்கி, நின்றதும் அடங்குவது. அடிக்கடி சிறுநீர். விட்டு விட்டுத் தூக்கம். தூக்கத்தில் சில விநாடி மூச்சே நின்று, திடீரென்று பெரிய மூச்சாக இழுத்துத் தொடர்வது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் பயந்து எழுப்பிவிடுவார். பயம் தேவையில்லை, இந்த உயரத்தில் பலருக்கும் அப்படித்தான்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசதி, கிறுகிறுப்பு இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது லேசான உயர நோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிய உயரத்துக்கு வந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைகாட்டும். மத்தியானம் கலகலவென்று இருந்தவர் ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிவைப்பது இப்படித்தான். வெயில்பட்டதால் இருக்கும், நேற்றுச் சாப்பிட்டது சேரவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வேறு காரணம் உறுதியாகத் தெரியாதவரை உயர நோய் என்றே வைத்துக்கொள்வதுதான் மலை வழக்கம்.

இதற்கு மேலே இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன, இரண்டும் ஆளைக் கொல்லும். ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், மற்றவர்களைவிட மிகவும் பின்தங்குவார், வறட்டு இருமல் போகப்போகச் சளியாகும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும். உதடும் நகமும் நீலம் பூக்கும். தலைவலி இல்லாமலேகூட இது வரும், ஏமாறுவது அதனால்தான். இன்னொன்று மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், காரணமில்லாத எரிச்சல் அல்லது மந்தம் தெரியும், கேட்ட கேள்விக்கு வேறு பதில் வரும்.

மூளை வீக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். லாட்ஜின் சாப்பாட்டு அறைத் தரையில் பலகைகள் சேரும் கோடு இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் பெருவிரலோடு ஒட்டிவைத்து, அப்படியே பத்துப் பதினைந்து அடி நடக்கச் சொல்லுங்கள். கையை விரித்துச் சமாளித்தாலோ கோட்டைவிட்டு விலகினாலோ நீங்களும் பக்கத்திலேயே நடந்து காட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு வருகிறது, அவருக்கு வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அறிகுறி வந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது?

லேசான தலைவலி மட்டும் என்றால் அங்கேயே நில்லுங்கள். தண்ணீர், பாராசிட்டமால் அல்லது ஐபுப்ரூஃபென், ஓய்வு. முற்றிலும் சரியானால் மறுநாள் மேலே போகலாம். சரியாகாமல் மேலே போகக் கூடாது, இதில் பேரமே இல்லை. அதிகமானால் இறங்குங்கள்.

நுரையீரல் அல்லது மூளை அறிகுறி இருந்தால் உடனே இறக்கம். ராத்திரி என்றாலும், மழை என்றாலும், பாதை அபாயமாக இல்லாதவரை. 300 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆளைத் தனியாக அனுப்பக் கூடாது, பையை அவர் முதுகில் ஏற்றவும் கூடாது. ஆக்சிஜன், மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், நுரையீரல் நீருக்கு நிஃபெடிபின், ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றடித்து அழுத்தம் கூட்டும் பை என்று சில வசதிகள் உண்டு. எல்லாமே இறக்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை, இறங்குவதற்குப் பதில் அல்ல.

ஃபெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ மையம் இருக்கிறது. அமைப்பு 1973-இல் தொடங்கியது. வசந்தம், இலையுதிர் என்ற இரண்டு நடை சீசனிலும் டாக்டர்கள் இருப்பார்கள், பிற்பகலில் உயர நோய் பற்றி விளக்கமும் சொல்வார்கள். திங்போச்சேயில் ஓய்வு நாளில் இருப்பவர்கள் நடுவில் உள்ள மேட்டைத் தாண்டி ஒரு நடை போய் அதைக் கேட்டுவிட்டு வரலாம். இந்தப் பக்கத்தைப் படிப்பதைவிட அது மேல்.

இன்னொரு விஷயம். குழுவாகப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: ஒருவர் இறங்க வேண்டி வந்தால் கூட இறங்குவது யார்? கோரக் ஷெப்பில், பேஸ் கேம்ப் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சைத் தொடங்கினால் நட்பு தாங்காது. உடம்பு சரியில்லாதவரும் "என்னால் மற்றவர்கள் பயணம் கெட வேண்டாம்" என்று மறைப்பார். நம் ஆட்களிடம் இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

டயமாக்ஸ் போட வேண்டுமா?

அசெட்டசோலமைடு என்பது மருந்தின் பெயர், டயமாக்ஸ் பிராண்ட் பெயர். மேலே சொன்ன சிறுநீரக வேலையை இது முடுக்கிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தடுப்பாகப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, உயரம் ஏறுவதற்கு முந்தைய நாளில் தொடங்கி. உங்களுக்குத் தேவையா, அளவு என்ன என்பதை டாக்டர் சொல்லட்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிடுவதும் நல்லது.

விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போய்க் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா, கோலா ருசி கெட்டுப்போகும். பயப்பட ஒன்றுமில்லை. "டயமாக்ஸ் அறிகுறியை மறைத்துவிடும்" என்று பலர் சொல்வது சரியல்ல. மருந்து வேலை செய்தால் நோயே வரவில்லை என்று அர்த்தம், வந்தால் அறிகுறி தெரியத்தான் செய்யும். ஆனால் மாத்திரை போட்டிருக்கிறோம், நாளைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் மாத்திரை போட்டதன் பலனே போச்சு.

கற்பூரம், பூண்டு சூப், ஆக்சிஜன் கேன் இவற்றில் எது உதவும்?

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே நடப்பதை இந்தியக் குழுக்களில் அடிக்கடி பார்க்கலாம். மூக்கு திறந்த மாதிரி ஒரு குளுமை கிடைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகரிக்காது. பூண்டு சூப் எல்லா லாட்ஜ் மெனுவிலும் உண்டு, உயர நோயைத் தடுக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. சூடாக உப்போடு திரவம் உள்ளே போகிறது, அதற்காகக் குடிக்கலாம், ருசியும் மோசமில்லை. கையடக்க ஆக்சிஜன் கேன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். முழுப் பணமும் வீண்.

தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மந்தப்படுத்தும். ஏறும்வரை இரண்டும் வேண்டாம். நாம்சேயில் ஐரிஷ் பப் இருக்கிறது, இறங்கி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் கொண்டு போகலாமா? எத்தனை காட்டினால் கவலைப்பட வேண்டும்?

கோவிட் காலத்தில் வாங்கியது எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதனால் இந்தக் கேள்வி. கொண்டு போகலாம், ஆனால் அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 5,000 மீட்டரில் நன்றாக இருப்பவருக்கே 75 முதல் 85 வரை காட்டும். ஊரில் அந்த எண் வந்திருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்போம். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கருவி உளறும். எண் நன்றாக இருந்து ஆள் தள்ளாடினால் ஆளைப் பாருங்கள். குழுவில் எல்லோரும் 82 காட்டும்போது ஒருவர் மட்டும் 65 காட்டினால், கையைச் சூடாக்கித் திரும்பப் பாருங்கள், அப்போதும் அதே என்றால் கவனியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையைச் சுற்றி யாருக்கு அதிகம் என்று போட்டி நடக்கும், அந்த விளையாட்டு யாருக்கும் நல்லதில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் போகலாமா?

கட்டுப்பாட்டில் இருந்து டாக்டரும் சரி சொன்னால் பலர் போய்வருகிறார்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருங்கள், குளிர்ந்த வறண்ட காற்றுதான் தொந்தரவு. இன்சுலின் உறைந்தால் பயன்படாது, எனவே பகலில் உள்சட்டைப் பை, இரவில் ஸ்லீப்பிங் பேக். குளிரில் குளுக்கோமீட்டரும் தப்பாகக் காட்டும், சூடாக்கிவிட்டுப் பாருங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் இந்த வழியைத் தவிர்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் சோதனை செய்யாமல் யாரும் போகாதீர்கள், நம் ஊர்ப் பெண்கள் குறிப்பாக. ரத்தசோகையைச் சரிசெய்ய மாதக்கணக்காகும் என்பதால் முன்பே பார்த்துவிடுங்கள்.

வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன். அது போதுமா? இங்கே உயரத்துக்குப் பழகிக்கொள்ள வழி உண்டா?

ஏழு மலையும் ஒரே இரவில் ஏறி இறங்குகிறவருக்குக் கால் பலமும் மன உறுதியும் இருக்கிறது, அது பெரிய விஷயம். உயரத்துக்குப் பழக இங்கே வழியில்லை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். லுக்லா விமானம் உங்களை இறக்கிவிடும் இடமே அதைவிட உயரம்.

பயிற்சியைக் காலுக்குக் கொடுங்கள். மூன்று மாதம் முன்னாலிருந்து வாரத்தில் நான்கு நாள் வேக நடை, இரண்டு நாள் பையில் ஆறேழு கிலோவோடு படிக்கட்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டை மறந்துவிடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும், அதனால் இறங்கும் பயிற்சியும் வேண்டும். ஷூவைப் பயிற்சியிலேயே பழக்கிவிடுங்கள். புது ஷூவோடு லுக்லாவில் இறங்கினால் நாம்சே போவதற்குள் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவு. மார்ச் கடைசி முதல் மே வரை கொஞ்சம் இதமான குளிர், தாழ்ந்த காடுகளில் ரோடோடென்ட்ரான் பூக்கும், பேஸ் கேம்ப்பில் உச்சிக்குப் போகும் குழுக்களின் கூடாரங்களும் இருக்கும். இலையுதிர் காலத்தில் பேஸ் கேம்ப் பெரும்பாலும் வெறும் கல்மேடு. மழைக்காலத்தில் விமானம் பறப்பதே சந்தேகம்.

அக்டோபரில் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வங்கக்கடல் புயல் இமயத்துக்கும் போகும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம், இரண்டு நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் தோரோங் கணவாய்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தவர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாம் வானிலை அறிக்கை பார்க்கும் பழக்கத்தை அங்கேயும் விட வேண்டாம். கடலில் புயல் உருவானால் கணவாய், உயர முகாம் திட்டத்தை இரண்டு நாள் தள்ளிவையுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

அசைவக்காரர்களும் நாம்சேக்கு மேல் சைவத்துக்கு மாறுவதுதான் நல்லது. கும்புவில் உயிரைக் கொல்வதில்லை, இறைச்சி கீழேயிருந்து நாள்கணக்கில் முதுகில் சுமந்து வருகிறது. தால் பாத் எங்கும் கிடைக்கும்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்கோ கீரையோ ஒரு கறி, ஊறுகாய், அப்பளம். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வைப்பார்கள், மெனுவில் வேறு எதற்கும் அந்தச் சலுகை இல்லை. கோரக் ஷெப் உயரத்தில் தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், பிரஷர் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. எனவே அடுக்களையில் விசில் சத்தம் கேட்டால் நிம்மதியாக உட்காரலாம்.

நான்காம் நாளுக்கு மேல் பசியே எடுக்காது. அப்போது நாக்குக்குப் பழகிய ஏதாவது இருந்தால்தான் சோறு இறங்கும். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் சிறு பாட்டிலில் கொண்டு போங்கள்.

தண்ணீர், குளியல், கழிப்பறை?

ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வரை குடியுங்கள். அதற்கு மேல் வலிந்து குடிப்பதால் நன்மையில்லை. குளோரின் மாத்திரையோ ஃபில்டரோ இருந்தால் பிளாஸ்டிக் பாட்டில் வாங்க வேண்டாம், அது மேலே போகப் போக விலையும் ஏறும், குப்பையும் ஏறும். குளியலை நாம்சேயோடு நிறுத்திவிட்டு ஈரத் துடைப்பான்களுக்கு மாறிவிடுங்கள். கழிப்பறை மேலே போகப் போகச் சுமார்தான், வாளியில் இருக்கும் தண்ணீரின் மேல் ஐஸ் படிந்திருக்கும். மாதவிடாய் நாட்கள் உயரத்தில் முன்பின்னாக மாறலாம், எனவே தேதி வராது என்று நினைத்தாலும் நாப்கின் கொண்டு போங்கள், பயன்படுத்தியதைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

என்ன உடை வேண்டும்?

பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் குளிரும். உள்ளே சீக்கிரம் காயும் துணி, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் தடுக்கும் ஜாக்கெட், மாலைக்கு இறகு அடைத்த டவுன் ஜாக்கெட். டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேகும் காத்மாண்டு தமேலில் வாடகைக்குக் கிடைக்கும். நவம்பர் இரவுகளில் கோரக் ஷெப்பில் மைனஸ் 15 வரை போகும், அறையில் ஹீட்டர் இருக்காது. சாப்பாட்டு அறையில் மட்டும் நடுவில் ஒரு இரும்பு அடுப்பு, எரிபொருள் காய்ந்த யாக் சாணம். தூங்கப் போகும்போது பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக் காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேகின் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். போன், பேட்டரி, ஃபில்டர் எல்லாம் உள்ளேயே தூங்கட்டும். பனியில் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும், நல்ல கருப்புக் கண்ணாடி கட்டாயம்.

கைடு, போர்ட்டர் வேண்டுமா?

2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு ட்ரெக்கர்களுக்குக் கைடு கட்டாயம் என்று நேபாளம் அறிவித்தது, கும்பு உள்ளாட்சி அதை அமல்படுத்தவில்லை. நிலைமை மாறலாம், கிளம்பும் முன் விசாரியுங்கள். விதி எப்படியிருந்தாலும் முதல்முறை போகிறவர்கள் கைடோடு போவதே நல்லது, நடை தள்ளாடுவதைக் கவனிக்க வெளிக்கண் ஒன்று வேண்டும்.

போர்ட்டர்கள் பலர் ஷெர்பாக்கள் அல்ல, தாழ்வான மலைகளிலிருந்து வரும் ராய், தமாங் மக்கள். அவர்களுக்கும் உயர நோய் வரும். இரண்டு பேர் சாமானைச் சேர்த்து ஒருவர் முதுகில் முப்பது கிலோ ஏற்றாதீர்கள். அவருக்கு ஜாக்கெட், ஷூ, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். முடியவில்லை என்று அவர் சொன்னால் உங்களுக்குச் செய்வதையே அவருக்கும் செய்ய வேண்டும், கூலியைக் கொடுத்துத் தனியாக இறக்கிவிடுவது அல்ல.

பாதையில் யாக் கூட்டம் மணியடித்து வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

அனுமதி, அடையாள அட்டை, பணம்?

இந்தியர்களுக்கு விசா இல்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையம் போகாதீர்கள். சகர்மாதா தேசியப் பூங்காக் கட்டணமும் உள்ளாட்சிக் கட்டணமும் உண்டு. பூங்காக் கட்டணத்தில் சார்க் நாட்டவர்களுக்குச் சலுகை இருப்பதால் பாஸ்போர்ட்டை மறக்காமல் காட்டுங்கள். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். நாம்சேயில் ஏடிஎம் உண்டு, அதற்கு மேல் பணத்தாள்தான். சார்ஜ் போட, வைஃபை, வெந்நீர் எல்லாவற்றுக்கும் தனிக் காசு.

இன்சூரன்ஸ் எடுத்தால் ஹெலிகாப்டர் வருமா?

பாலிசியில் இரண்டு வரியைத் தேடுங்கள். எத்தனை மீட்டர் வரை ட்ரெக்கிங் அனுமதி (6,000 இருந்தால் நிம்மதி), ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. சாதாரணப் பயணப் பாலிசிகள் பலவற்றில் இரண்டும் இருக்காது. அவசர எண்ணைக் கைடிடமும் கொடுத்துவையுங்கள்.

தேவையில்லாமல் ஹெலிகாப்டரை அழைத்து இன்சூரன்ஸ் பணம் பறிக்கும் மோசடி பெரிதாகி, 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. லேசான தலைவலிக்கே "உடனே ஹெலிகாப்டர், காசு இன்சூரன்ஸ் தரும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், நடந்து இறங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நடக்க முடியாதவருக்கு, மூச்சு திணறுபவருக்கு இந்த யோசனை எல்லாம் வேண்டாம், கூப்பிடுங்கள்.

பேஸ் கேம்ப்பிலிருந்து எவரெஸ்ட் நன்றாகத் தெரியுமா?

தெரியாது. பக்கத்து நுப்சே சிகரமும் எவரெஸ்டின் மேற்குத் தோளும் உச்சியை மறைத்துவிடும். எதிரே கும்பு பனியருவி (ஐஸ்ஃபால்) மட்டும் உடைந்து உடைந்து இறங்கி நிற்கும், இரவில் அது முறியும் சத்தம் கேட்கும். உச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் காலா பத்தர்தான், கோரக் ஷெப்பிலிருந்து விடியும் முன் ஏற வேண்டும், சுமார் 5,550 மீட்டர். உடம்பு ஒன்றுக்குத்தான் ஒத்துழைக்கும் என்றால் நான் பேஸ் கேம்ப்பை விட்டுவிட்டுக் காலா பத்தரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். படம் எடுத்துப் போட பேஸ் கேம்ப் பாறைதான் வேண்டும் என்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது அவரவர் விருப்பம்.

ஊர் திரும்பும் டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போடலாம்?

லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், ஒரு முனை மலைச்சுவர், மறுமுனை பள்ளம், சரிவு கிட்டத்தட்ட 12 சதவீதம். மேகம் இறங்கினால் விமானம் இல்லை. காலையில் பறக்கவில்லை என்றால் பெரும்பாலும் அன்றைக்கு இல்லை. சீசன் நெரிசலில் விமானங்கள் காத்மாண்டுக்குப் பதில் ராமேச்சாப் மந்தலியிலிருந்து போகும், அங்கே போக நான்கைந்து மணி நேர ரோடு, நள்ளிரவு தாண்டியதும் வண்டி ஏற வேண்டும். சாமானுக்கு 15 கிலோ வரம்பு.

எனவே லுக்லாவிலிருந்து பறக்கும் நாளுக்கும் காத்மாண்டிலிருந்து பறக்கும் நாளுக்கும் நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள், ஆபீஸில் லீவும் அதற்கேற்ப. அந்த இடைவெளி இல்லாதவர்கள்தான் மேலே தலைவலியோடு இருக்கும்போதும் "ஒரு நாள் தங்க முடியாது, ஃபிளைட் போய்விடும்" என்று ஏறுகிறார்கள். விமானம் நேரத்துக்குக் கிடைத்துவிட்டால் அந்த இரண்டு நாளும் காத்மாண்டில் பசுபதிநாதர் கோயில், பௌத்தநாத், பக்தபூர் என்று சுற்றிவிட்டு வரலாம்.